இரவு டைவில் பவளம் இரை தின்பதைப் பார்ப்பது எப்படி?

பகலில் பவளப்பாறையைப் பார்த்துவிட்டு வருபவர்கள் பவளத்தைக் கல்லென்றோ செடியென்றோ நினைத்துக்கொள்வதில் வியப்பில்லை. விலங்கு இருப்பது அந்தச் சுண்ணாம்புக் குழிகளுக்குள்ளே. பகலில் அது பெரும்பாலும் சுருங்கித்தான் கிடக்கும். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து, மங்கலான டார்ச்சோடு அதே இடத்தில் இறங்கினால், பாலிப் எனப்படும் அந்தச் சிறு விலங்குகள் குழிக்குக் குழி வெளியே வந்து, வாயைச் சுற்றியுள்ள விரல்போன்ற உணர்நீட்சிகளை விரித்துக்கொண்டு நிற்கும். முதல்முறை பார்ப்பவர்கள் உடனே “பவளம் சாப்பிடுகிறது” என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் விரிந்திருப்பது வேறு, தின்பது வேறு. விரிந்த பவளத்தைக் கிட்டத்தட்ட எல்லா இரவு டைவிலும் பார்த்துவிடலாம். ஓர் இரை ஒட்டிக்கொண்டு, உணர்நீட்சி வளைந்து, அது வாய்க்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பொறுமையோடு சில ஏற்பாடுகளும் வேண்டும்.

ஸ்கூபா சான்றிதழ் பெற்று, பகல் டைவில் மிதவைக் கட்டுப்பாடு ஓரளவு கைவந்தவர்களுக்காக எழுதியது இது. தரையில் முழங்காலிட்டால்தான் ஓரிடத்தில் நிற்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொள்வது நல்லது.

உள்ளே பாசி இருக்க, வேட்டை எதற்கு?

பாறை கட்டும் பவளங்களின் திசுவுக்குள் சூசாந்தெல்லா என்னும் ஒற்றைச்செல் பாசிகள் வாழ்கின்றன. ஒளிச்சேர்க்கையில் அவை உண்டாக்கும் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றில் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது. ஆழம் குறைந்த தெளிந்த நீரில், பவளத்தின் அன்றாட ஆற்றல் தேவையில் 90 சதவீதத்துக்கு மேல்கூட இப்படிக் கிடைத்துவிடும். ஆனால் அந்தச் சாப்பாட்டில் கார்பன் மிகுதி; நைட்ரஜனும் பாஸ்பரசும் சொற்பம். புதுத் திசு வளரவும் முட்டை உருவாகவும் அவை தேவை. அதற்கு இரை பிடிக்க வேண்டியிருக்கிறது.

1928-29இல் ஆஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பவளத்திட்டில், லோ தீவுகளில் தங்கி ஆராய்ந்த குழுவின் தலைவர் சி. எம். யங், பவளங்கள் ஊனுண்பதற்கென்றே அமைந்த விலங்குகள் என்று வாதிட்டார். பாசி பவளத்துக்கு உணவு தருகிறது என்பதை அவர் ஏற்கவில்லை. அந்தப் பகுதி பிற்பாடு திருத்தப்பட்டது. வேட்டையின் முக்கியத்துவம் மட்டும் குறையவில்லை. கடல் சூடேறி, பாசிகளை இழந்து வெளுத்த பவளங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஹவாயில் வளரும் மான்டிபோரா கேப்பிட்டேட்டா, வெளுத்த பிறகு இரை பிடிப்பதை வெகுவாகக் கூட்டி, தன் ஆற்றல் தேவை முழுவதையும் அதிலிருந்தே ஈடுகட்டுவது 2006இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அதே ஆய்வில் இருந்த போரைட்டஸ் இனங்களால் அது முடியவில்லை.

இரவில் ஏன்? பகலெல்லாம் மணலுக்குள்ளும் பாறை இடுக்கிலும் பதுங்கியிருக்கும் கோபிபாட், மைசிட், ஆம்ஃபிபாட், ஆஸ்ட்ராகாட் போன்ற பொடி உயிரிகள் இருட்டியதும் நீருக்குள் எழும்புகின்றன. பகலில் அவற்றைக் கொத்தித் தின்னும் மீன் கூட்டங்கள் அந்நேரம் பொந்துகளில் ஒதுங்கிவிடும். பாலிப்பையே கடித்துத் தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன்களும் உறங்கப் போய்விடும். இரை கூடுகிறது, ஆபத்து குறைகிறது. பவளம் நீட்சிகளை விரிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. நிலா வெளிச்சம் மட்டும் கொஞ்சம் குழப்பும். பளிச்சென்ற நிலவில் பல இடங்களில் இந்த எழுச்சி தாமதமாகும், குறையவும் செய்யும். நாளைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் அமாவாசையை ஒட்டிய நாட்களையோ, சூரியன் மறைந்து நெடுநேரம் கழித்து நிலா எழும் தேய்பிறை நாட்களையோ தேர்ந்தெடுங்கள்.

ஓர் இரை மாட்டும்போது என்ன நடக்கிறது

ஒரு சென்டிமீட்டர் அகலப் பாலிப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவே ஒரு கீறலாக வாய் தெரியும். அதைச் சுற்றி உணர்நீட்சிகள், பெரும்பாலும் ஆறின் மடங்குகளில். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு நீட்சியின் மேலும் வெள்ளைப் பொட்டுகள் இறைந்திருப்பதும், நுனியில் ஒரு சிறு குமிழ் இருப்பதும் தெரியும். அந்தப் பொட்டுகளிலும் குமிழிலும்தான் கொட்டும் செல்கள் நெருக்கமாக அடைந்திருக்கின்றன. குத்தி விஷம் ஏற்றுபவை ஒரு வகை. பசைநூலை எறிந்து ஒட்டவைப்பவை இன்னொரு வகை.

ஒரு மில்லிமீட்டர் கோபிபாட் நேர்கோட்டில் நீந்தாது, வெட்டி வெட்டித் துள்ளும். அது உணர்நீட்சியில் பட்டதும் துள்ளல் அப்படியே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியும் முதல் அடையாளம் இதுதான். கொட்டும் செல் வெடிப்பதைப் பார்க்க முடியாது. பவளத்தின் உறவினமான ஹைட்ராவில் அளந்தபோது, அந்த வெடிப்பின் அதிவேகக் கட்டம் ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவாக, 700 நானோ விநாடிதான் இருந்தது. பிறகு நடப்பதெல்லாம் நிதானம். இரை ஒட்டிய நீட்சி மட்டும் முதலில் குட்டையாகும், அடுத்து உள்பக்கமாக வளையும். இரை முரண்டுபிடித்தால் பக்கத்து நீட்சிகளும் வந்து பிடிக்கும். இதற்குள் வாய்க் கீறல் வட்டமாகத் திறந்து, உதடுபோல் சற்று மேலெழும்பும். காயம்பட்ட இரையிலிருந்து கசியும் புரோலின் போன்ற அமினோ அமிலங்களும் குளுட்டாதையோனும்தான் வாய் திறக்கத் தூண்டுபவை. மணல் துகள் விழும்போது நீட்சி சற்றுச் சிலிர்த்தாலும் வாய் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் இந்த வேதிச் செய்தி இல்லாததே.

சிறு இரை என்றால் எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம். பெரியதென்றால் பல நிமிடம் ஆகும். முடிந்ததும் வாய் மூடி, நீட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறுபடி நிமிரும். செரிமானம் உள்ளே குடல்மடிப்பு இழைகளில் சில மணி நேரம் நடக்கும். கழிவு வெளியேறுவதும் அதே வாய் வழியாகத்தான். பழுப்பு நிறத்தில் கோழை சுற்றிய சிறு உருண்டையோ நூலோ வாயிலிருந்து வெளியே வந்தால், பாலிப் விழுங்குகிறது என்று எழுதிவிடாதீர்கள். துகள் எந்தத் திசையில் நகர்கிறது என்பதைப் பார்த்த பிறகே குறிப்பு எழுதுங்கள்.

எல்லாப் பவளமும் இப்படிப் பிடிப்பதில்லை. பாக்கிசெரிஸ் ஸ்பெசியோசாவுக்கு உணர்நீட்சியே கிடையாது. மேற்பரப்பில் கோழை விரித்து, அதில் ஒட்டும் துகள்களை நுண்ணிய சிலியா இழைகளால் வாய்க்கு நகர்த்தும். இன்னொரு கோடியில் காளான் பவளங்கள்: செங்கடலின் எய்லாட் பகுதியில் இவற்றில் ஒன்று நிலா ஜெல்லிமீன் ஒன்றை முழுதாக விழுங்கிய பதிவு 2009இல் வெளியானது.

எந்தப் பவளத்தைப் பார்ப்பது

தொடக்கத்தில் ஒரே ஒரு பெயர் போதும்: டியூபாஸ்ட்ரியா. சூரியப் பவளம் என்றும் சொல்வார்கள். ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறம், ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய பாலிப்புகள், தடித்த நீட்சிகள். உள்ளே பாசி கிடையாது என்பதால் இரையை நம்பியே வாழ்கிறது. பாறை விளிம்புகளின் அடிப்பக்கத்திலும், குகைச் சுவர்களிலும், மூழ்கிய கப்பல்களிலும், படகுத்துறைத் தூண்களிலும் வளரும். பகலில் மூடிய மொட்டுகளாக இருப்பது இரவில் மலர்ந்திருக்கும்.

அடுத்ததாக, சதைப்பிடிப்பான பெரிய பாலிப் உள்ள லோபோஃபில்லியா, இந்தோ-பசிபிக் கடல்களில் கேலக்ஸியா, கரீபியனில் மான்டாஸ்ட்ரியா கேவர்னோசா. அக்ரோபோராவும் போரைட்டஸும் எங்கும் கிடைக்கும், ஆனால் அவற்றின் பாலிப் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். உருப்பெருக்கி இல்லாமல் மேற்பரப்பு பஞ்சாகத் தெரியும், அவ்வளவே. கோனியோபோரா பகலிலேயே நீளமாக விரிந்திருக்கும் என்பதால் அதை வைத்து இரவு பகல் வேறுபாட்டை மதிப்பிட முடியாது. மென்பவளங்களை இறகுபோல் கிளைத்த எட்டு நீட்சிகளை வைத்து அடையாளம் காணலாம். அவற்றில் டென்ட்ரோநெஃப்தியா பெரும்பாலும் தாவர மிதவை உயிரிகளைத் தின்கிறது. அந்த இரை கண்ணுக்கே தெரியாது. அதன்முன் அரை மணி நேரம் காத்திருந்தாலும் ஒரு பிடிப்பும் காணக் கிடைக்காது.

டார்ச் செய்யும் குழப்பம்

இந்த முயற்சியில் கெட்டுப்போகும் விஷயங்களில் பாதி டார்ச்சால் வருவது. பளீரென்ற வெள்ளை ஒளி நேராக விழுந்தால் பல இனங்கள் நீட்சிகளை உள்ளிழுத்துக்கொள்ளும். ஒருமுறை சுருங்கினால் மீண்டும் விரியப் பல நிமிடங்கள் ஆகும். டைவின் கணிசமான பகுதி அதிலேயே போய்விடும். இது கண்ணுக்குத் தெரிகிற குழப்பம் என்பதால் பரவாயில்லை. இரண்டாவது குழப்பம்தான் ஏமாற்றுவது. நிலையாகப் பிடித்த ஒளிக்கற்றையில் சில நிமிடங்களுக்குள் புழுக்களும் மைசிட்களும் குவிந்து சுழலத் தொடங்கும். கற்றை பவளத்தின்மேல் இருந்தால் அவை நீட்சிகளில் மோதி வரிசையாக மாட்டும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், படமும் நன்றாக வரும். ஆனால் அது பவளத்தின் இயல்பான வேட்டை இல்லை, நீங்கள் ஊட்டிவிட்டது. இணையத்தில் சுற்றும் ‘பவளம் உண்ணும்’ காணொளிகளைப் பார்க்கும்போதும் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். விஷ முள்ளுள்ள சிங்க மீன்களும் இதே உத்தியைக் கற்றுக்கொண்டு டார்ச் ஒளியின் ஓரமாகவே வேட்டையாடிவரும். முழங்கைக்கு அருகே ஏதாவது மிதந்தால் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

தீர்வு எளிது. பவளங்களின் ஒளியுணர்வு நீல நிறத்துக்குத்தான் கூர்மை, சிவப்புக்குக் குறைவு. டார்ச்சின் கண்ணாடியில் சிவப்பு வடிகட்டி போட்டு, ஒளியை ஆகக் குறைந்த அளவில் வையுங்கள். சிவப்பு ஒளியை நீர் சீக்கிரம் உறிஞ்சிவிடும். அரை மீட்டர் தூரத்தில் பார்க்க அது தடையில்லை. சிவப்பு வடிகட்டி இல்லையென்றால் வெள்ளை ஒளியின் நடுக்கற்றையைப் பக்கத்து மணலில் விழவைத்து, ஓரத்தில் கசியும் மங்கல் வெளிச்சத்தில் பாருங்கள். எதுவானாலும் தொடர்ந்து எரியவிடாமல், பதினைந்து விநாடி பார்த்துவிட்டு ஒரு நிமிடம் கையால் மறைத்துவிடுங்கள். பொடி உயிரிகள் குவியாமல் இருக்க இது போதும்.

நீல விளக்கும் மாஸ்க்கின்மேல் மஞ்சள் வடிகட்டியும் வைத்துப் பார்க்கும் ஒளிர்வு டைவில் நீட்சிகளின் ஓரங்கள் பச்சையாக மின்னி, வடிவம் துல்லியமாகத் தெரியும். ஆனால் பவளத்தை அதிகம் தொந்தரவு செய்யும் நிறமும் அதே நீலம்தான். அமைப்பைக் கற்றுக்கொள்ள அதைப் பயன்படுத்துங்கள், நடத்தையைக் கணக்கெடுக்க வேண்டாம். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒத்திப்போடுங்கள்.

டைவ்

அன்று பகலிலேயே அந்த இடத்தில் ஒரு டைவ் செய்து, பவளக் கூட்டம் ஒன்றை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். 6 முதல் 12 மீட்டர் ஆழம் வசதியானது; காற்றும் நேரமும் தாராளமாகக் கிடைக்கும். பக்கத்தில் மணல் திட்டு இருக்கும் இடம் இன்னும் நல்லது. நங்கூரக் கயிறோ பாறை விளிம்போ எதிலிருந்து எத்தனை ஃபின் உதை தூரம், எந்தத் திசை என்று சிலேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரவில் தேடிக்கொண்டு திரிந்தால் நேரம் போவதோடு, பாறைக்கும் சேதம் வரும்.

விளக்குகள் மூன்று வேண்டும்: ஆளுக்கொரு முதன்மை டார்ச், ஒரு மாற்று டார்ச், சிலிண்டரில் கட்டிய சிறு அடையாள விளக்கு. பவளத்துக்காக டார்ச்சை மறைக்கும்போதும் அடையாள விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும். கூட்டாளி உங்களைக் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். டார்ச்சால் தரையில் மெல்ல வட்டமிட்டால் எல்லாம் சரி. பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் உதவி தேவை. முதன்மை டார்ச் அணைந்துவிட்டால் மாற்று டார்ச்சை எடுத்து டைவை முடித்துவிட வேண்டும். மாற்று டார்ச் கவனிப்பைத் தொடர்வதற்கானது அல்ல. கூட்டாளியோடு முன்பே பேசி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பவளத்தைப் பார்க்க, மற்றவர் காற்று, ஆழம், நேரம் மூன்றையும் பார்ப்பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம். பாலிப்பை உற்றுப் பார்க்கும் கண்ணுக்கு அழுத்தமானி ஞாபகம் வருவதே இல்லை.

இறங்கியதும் பவளத்திடம் நேராகப் போய்விடாதீர்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, மிதவையைச் சரிசெய்து, நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று மிதக்கும் துகள்களை வைத்துப் பாருங்கள். அப்புறம் பவளத்துக்குப் பக்கவாட்டிலோ, அதைக் கடந்து நீரோட்டம் போகும் பக்கத்திலோ போய் நில்லுங்கள். நீரோட்டம் வரும் பக்கத்தில் நின்றால் பவளத்துக்கு வரும் நீரை உங்கள் உடம்பே மறிக்கும். ஃபின் கிளப்பிய மணலும் நேராக அதன்மேல் போய்ப் படியும். முகத்துக்கும் பவளத்துக்கும் இடையே அரை மீட்டர் விடுங்கள். ஃபின்கள் பின்னால் சற்றே உயர்ந்து, மணல் திட்டின்மேல் இருக்கட்டும். டியூபாஸ்ட்ரியா வளரும் பாறை விளிம்புக்குக் கீழே நுழைய வேண்டாம். நீங்கள் விடும் குமிழிகள் கூரையில் மோதி, அங்குள்ள பாலிப்புகளைச் சுருக்கிவிடும். வெளியே நின்று சாய்வாகப் பாருங்கள். கை ஊன்றும் பழக்கம் இரவில் பவளத்துக்கும் நல்லதல்ல, கைக்கும் நல்லதல்ல: நீள்முள் கடல் முள்ளெலிகள் பொந்திலிருந்து வெளியே வரும் நேரம் அது. விஷ முள்ளுள்ள கல் மீனும் கல்லோடு கல்லாகக் கிடக்கும்.

நீரோட்டத்தின் வேகம் பிடிப்பைத் தீர்மானிக்கிறது. நீர் அசையாமல் நின்றால் புது இரை வராது. அடித்துக்கொண்டு ஓடினால் நீட்சிகள் படுத்துவிடும், ஒட்டிய இரையும் பிய்த்துக்கொண்டு போகும். துகள் ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர், அதாவது உள்ளங்கை அகலம், நகர்ந்து, நீட்சிகள் லேசாகச் சாய்ந்திருந்தால் காத்திருப்பதற்கு அர்த்தம் உண்டு. அலை உயரமாகி எல்லாம் முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினால் அன்றைக்கு விட்டுவிடுவதே மேல்.

காத்திருப்பது ஒரே பவளத்தின் முன். இதைத்தான் பலரால் செய்ய முடிவதில்லை. பத்து இடத்தை எட்டிப் பார்க்கத் தோன்றும். பத்துப் பாலிப்புகள் அடங்கும் ஒரு சிறு வட்டத்தை மனதில் வரைந்து, ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் நேரம், விரிவு நிலை, பிடிப்பு எண்ணிக்கை ஆகிய மூன்றை மட்டும் சிலேட்டில் குறிக்கலாம். விரிவுக்கு 0 முதல் 3 வரை மதிப்பு போதும்: முழுக்கச் சுருங்கியது 0, நுனி மட்டும் தெரிந்தால் 1, பாதி விரிந்தால் 2, முழுதும் விரிந்தால் 3. நீட்சி வளைந்து வாயைத் தொட்டதை மட்டுமே பிடிப்பாக எண்ணுங்கள். விரிவு 3, பிடிப்பு 0 என்ற வரி சிலேட்டில் அடிக்கடி வரும். அப்படி வரும்போது நீரோட்டத்தையும் நிலவையும் சேர்த்து எழுதிவைத்தால், அடுத்த டைவுக்கு நாள் குறிக்க உதவும். செயற்கை உணவைக் குழாயில் கொண்டுபோய்ப் பீய்ச்சிப் பார்ப்பது மீன்தொட்டிக்கான வேலை. கடலில் செய்ய வேண்டாம்.

உண்பதுபோல் தோன்றும் வேறு சில

பவளக் கூட்டத்தின் ஓரத்தில், மற்ற நீட்சிகளைவிடப் பல மடங்கு நீளமாக, ஒல்லியாக, நுனி வெளுத்து நீரோட்டத்தில் அலைபவை தெரிந்தால் அவை இரைக்கானவை அல்ல. பக்கத்துப் பவளம் இடத்தை ஆக்கிரமிக்காமல் தடுக்கும் சண்டை நீட்சிகள் அவை. கேலக்ஸியாவில் எளிதாகப் பார்க்கலாம். இரண்டு பவளங்கள் உரசும் எல்லையில் வெள்ளை நூல் சிக்கலாக ஏதாவது பக்கத்துப் பவளத்தின்மேல் படர்ந்திருந்தால், அது குடல்மடிப்பு இழை: எதிராளியின் திசுவை வெளியிலேயே வைத்துச் செரித்துக்கொண்டிருக்கிறது. பாசி படர்ந்த கல்லில் இறகு இறகாக நிற்கும் ஹைட்ராய்டுகளையும் பவளம் என்று எண்ணிக் கிட்டப் போகாதீர்கள், அவை கொட்டும்.

மேற்பரப்பு முழுக்கக் கோழைப் படலம் எழும்பி, மணல் ஒட்டி, ஓரமாக வழுக்கிப் போவது துப்புரவு. துகள்கள் வாய்க்கு வராமல் விளிம்புக்குப் போவதை வைத்து இதைப் பிரித்தறியலாம்.

கடைசியாக, பௌர்ணமிக்குச் சில நாள் கழிந்த இரவுகள். பெரும் தடுப்புப் பவளத்திட்டில் பல இனங்கள் ஒரே இரவுகளில் கூட்டமாக முட்டையிடுவதை ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்தில் கண்டறிந்தார்கள். வேறு பல கடல்களிலும் ஆண்டின் குறிப்பிட்ட சில மாதங்களில் இது நடக்கிறது. அந்த இரவில் நீட்சிகள் பெரும்பாலும் உள்ளிழுக்கப்பட்டிருக்கும். வாய்க் கீறல் உப்பி, அதில் இளஞ்சிவப்பு உருண்டை ஒன்று அடைத்துக்கொண்டு நிற்கும். இரையை விழுங்கத் திணறுகிறது என்று தோன்றும், ஆனால் அந்த உருண்டை வெளியே வரப்போகும் முட்டை-விந்துக் கட்டு. பக்கத்துப் பாலிப்புகளிலும் அதே அளவில், அதே நிறத்தில் உருண்டைகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பிடிப்புக் கணக்கை அங்கேயே நிறுத்திவிட்டு, டார்ச்சை இன்னும் குறைத்து, முதல் உருண்டை வெளியேறும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.